மாதம் ஒரு கதை

ஆழ்வார்பேட்டை அம்புஜம்மாள் தெருவிலுள்ள ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தில், மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலைகளில் நெடுங்காலம் கூடிவந்த அமைப்பு இலக்கியச் சிந்தனை. ப. லட்சுமணன், ப. சிதம்பரம் சகோதரர்கள் முன்னின்று 1970-ல் இதைத் தொடங்கினர். கூடிய இடமும் பெயர்பெற்றதுதான். எஸ். அம்புஜம்மாள் தம் தந்தை சீனிவாச ஐயங்கார் பெயரையும் காந்தியின் பெயரையும் சேர்த்து 1948-ல் நிறுவிய சேவை இல்லம் அது.

அந்தந்த மாதம் தமிழ் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் உட்கார்ந்து படிப்பார். வார இதழ், சிற்றிதழ் என்ற பேதம் கிடையாது. தீபாவளி மலர்கள் வரும் மாதத்தில் கட்டு பெருத்துவிடும். அவற்றிலிருந்து பரிசுக்குரிய ஒரே ஒரு கதையைத் தேர்ந்து, ஏன் அதைத் தேர்ந்தார் என்று கூட்டத்தில் விளக்குவார். எழுதிப் பழகுகிறவர்களுக்குப் பரிசைவிட அந்த விளக்கமே பெரிது. பத்திரிகையிலிருந்து திரும்பி வரும் கதையோடு காரணம் வருவதில்லை. இங்கே ஒரு கதையின் தொடக்கம், முடிவு, பேச்சுநடை எல்லாம் நாலு பேர் முன்னால் அலசப்பட்டன. அடுத்த மாதம் இன்னொருவர் வேறு ரசனையோடு வருவார். கதை எழுதக் கற்றுத்தரும் கல்லூரி இல்லாத ஊரில் இது அரிய வாய்ப்பாக இருந்தது.

விளக்கம் கேட்பது போலவே விடாமல் எழுதுவதும் கற்கும் வழிதான். இலக்கியச் சிந்தனை தொடங்கிய காலத் தலைமுறையில் அந்த உழைப்புக்கு அசோகமித்திரனைச் சொல்ல வேண்டும். 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். தி. நகர் தாமோதர ரெட்டித் தெருவில் குடியிருந்த அவர், பூங்காவில் உட்கார்ந்து எழுதுவதும் உண்டு. கணையாழி இதழின் ஆசிரியர் பொறுப்பில் பிறர் அனுப்பும் கதைகளை ஆண்டுக்கணக்கில் படித்துத் தேர்ந்தார். சாகித்திய அகாதெமி விருது 1996-ல்தான் வந்தது, 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்கு.

இலக்கியச் சிந்தனையில் வருட முடிவில் பன்னிரண்டு கதைகளும் இன்னொரு வாசகர் கைக்குப் போகும். அவர் ஆண்டின் சிறந்த கதையைத் தேர்ந்து, பன்னிரண்டையும் பற்றித் தம் கருத்தை எழுதுவார். கதைகளும் அந்த மதிப்பீடும் சேர்ந்து, முதலிடம் பெற்ற கதையின் பெயரிலேயே புத்தகமாகும். தி. நகர் தீனதயாளு தெரு வானதி பதிப்பகம் இத்தொகுப்புகளை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தது.