வாலஸ் நூலின் பறக்கும் தவளையும் மின்னுருப் படியும்

மலாய்த் தீவுகளில் 1854 முதல் 1862 வரை சுற்றி ஆராய்ந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், தம் பயண நூலை 1869-இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். சரவாக்கில் சீனத் தொழிலாளி ஒருவர், உயர்ந்த மரத்தினின்றும் பறப்பதுபோல் இறங்கியது எனக் கூறிக் கொணர்ந்த தவளையின் படம் அதில் உண்டு. உடல் நீளம் ஏறத்தாழ 4 அங்குலமே. விரலிடைத் தோல்கள் அனைத்தையும் விரித்தால் 12 சதுர அங்குலம் வரும்! அத்தோல் கறுப்பு, அதில் மஞ்சட் கதிர்கள் ஓடும் என்றும் அவர் குறித்துள்ளார். இன்று வாலஸ் தவளை எனப்படும் இனத்திற்குப் பூலஞ்சர் 1895-இல் இட்ட இலத்தீன் பெயரும் அக்கறுப்பைச் சுட்டுவதே. ஆகவே படத்தில் கால்களே உயிர்நிலை.

மூலப் பதிப்பைக் கையில் எடுப்போர் இன்று மிகச் சிலர். ஏனையோர் காண்பது மின்னுருப் படியையே. அதில் கால் விரல்களுக்கிடையே வெறுங் கருந்திட்டு ஒன்று தெரியின், அது தவளையின் இயல்பா, படியின் குறையா?

இதற்கு விடை காண அப்படம் அச்சான முறையை அறிதல் வேண்டும். தாமஸ் பியூவிக் (1753–1828) சிறப்புறச் செய்த மரச்செதுக்கு முறையில், கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் உளியால் கீறுவர். கீறிய இடம் வெள்ளை; எஞ்சி நிற்பது மை ஏறும் கறுப்பு. சாம்பல் நிறம் என்பதே கிடையாது. நுண்கோடுகளின் நெருக்கமே சாம்பலாகத் தோன்றும். அப்படியாயின் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறத்தில் படியெடுத்தால் போதாதோ எனத் தோன்றலாம். போதாது. ஓர் எல்லைக்கு மேற்பட்டதெல்லாம் வெள்ளை, கீழ்ப்பட்டதெல்லாம் கறுப்பு எனக் கருவி தீர்த்துவிடுவதால், மெல்லிய வெண்கீற்றுகள் அடைபட்டுப்போம். பழுத்த தாளில் இக்கேடு மிகும். 256 சாயல் காட்டும் படியே தகும்.

புள்ளிக் கணக்கும் நோக்கத்தக்கது. அங்குலத்திற்கு 100 கோடுகள் உள்ள பகுதியை 300 புள்ளியில் எடுத்தால், ஒரு கோட்டிற்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து மூன்றே புள்ளி கிட்டும், 600-இல் ஆறு. எழுத்துக்குப் போதுமானது செதுக்குக்குப் போதாது என்பது இதனால் விளங்கும். ஆயினும் எண்ணை மட்டும் நம்பலாகாது. குறைந்த அளவில் எடுத்ததைப் பின்னர்ப் பெருக்கி 600 எனக் காட்டுதலும் உண்டு.

தாளைப் பளிச்சென வெளுத்துக் கோடுகளைக் கூர்மையாக்கிய படிகளை ஆசிரியர் பலர் விரும்புவர். அவற்றைப் பெரிதாக்கினால் கோட்டைச் சுற்றி இல்லாத வெண்வளையம் ஒன்று தெரியும். அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த மஞ்சள் தாளே ஆய்வுக்கு மேல்.

பழி எப்போதும் படியினதன்று. பல பதிப்பு கண்ட நூலில் அச்சுக் கட்டை தேய்ந்திருக்கவும் கூடும். வாலஸ் நூலுக்கு 1890-இல் பத்தாம் பதிப்பு வந்தது. எனவே 1869-ஆம் ஆண்டுப் பிரதிகளிலேயே வெவ்வேறு நூலகங்கள் எடுத்த இரு படிகளை ஒருங்கே வைத்துத் தவளையின் பின்னங்காலை ஒப்பிடுக. இரண்டிலும் அதே கீற்று இல்லையேல் பெரும்பாலும் குறை அச்சினது. ஒன்றில் மட்டும் இல்லையேல் அப்படியையே முதலில் ஐயுறுதல் தகும்.