ஆசிரியரை ஆயத்தஞ் செய்தல்: ஆங்கிலக் கல்வி வரலாற்றில் ஓர் அத்தியாயம்

புதிய தவணை தொடங்குமுன் பிள்ளைகள் கொப்பியும் பென்சிலும் வாங்குகின்றனர்; பெற்றோர் சீருடையைப் பற்றிக் கவலைகொள்கின்றனர். அவ்வேளையில் ஆசிரியர் எதனை ஆயத்தஞ் செய்கின்றார் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அயல்மொழி கற்பிக்கும் ஆசிரியரைப் பொறுத்தவரை இவ்வினா மிகவுங் கடினமானது. ஆசிய நாடுகளில் ஆங்கிலங் கற்பிப்பவர்களுட் பெரும்பாலோர் அம்மொழியைத் தாமும் பாடசாலையிலேயே கற்றவர்கள். வகுப்பறைக்கு வெளியே அம்மொழியைக் கேட்கும் வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அவர்கள் அதனைக் கற்பிக்க வேண்டியிருக்கின்றது. அத்தகைய ஆசிரியரை ஆயத்தஞ் செய்வது எவ்வாறு? கடந்த நூறாண்டுக் காலத்தில் டாக்கா, தோக்கியோ, தென்னிந்தியா ஆகிய மூன்றிடங்களில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை இன்று ஆராய்வோம்.

முதலில் டாக்கா நகரை நோக்குவோம். 1920களில் அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராக மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் பணியாற்றினார். வங்காளப் பாடசாலைகளில் ஆங்கிலந் தொடங்கும் பிள்ளைகளுட் பலர் இறுதி வகுப்புவரை செல்வதில்லை என்பதை அவர் கவனித்தார். நீண்ட பாடத்திட்டமோ இறுதிவரை செல்லும் சிலரையே கருத்திற் கொண்டு வகுக்கப்பட்டிருந்தது. ஆயுட்காப்புறுதி செய்தவர் இடையில் அதனைக் கைவிட்டாலும் அவருக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி கிடைக்கின்றதல்லவா? அவ்வாறே, இரண்டு மூன்று ஆண்டுகளிற் பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளையின் கையிலும் ஏதேனும் பயன் எஞ்ச வேண்டும் என்று 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் வெஸ்ட் வாதிட்டார். வாசிக்கும் ஆற்றலே அத்தகைய பயன் எனக் கொண்டு, சொற்களை அளவோடு சேர்த்த வாசிப்பு நூல்களை எழுதினார். 1935இல் வெளிவந்த அவருடைய அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் சொற்றொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. தம்முன் அமர்ந்திருந்த பிள்ளைகள் யார், அவர்கள் எத்தனை ஆண்டு கற்பார்கள் என்ற கேள்வியிலிருந்தே இவையாவும் பிறந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

அதே காலத்தில் யப்பானில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. இலண்டனில் விரிவுரையாளராயிருந்த ஹரல்ட் பாமர் 1922ஆம் ஆண்டில் யப்பானியக் கல்வித் திணைக்களத்தின் மொழியியல் ஆலோசகராகத் தோக்கியோவுக்கு வந்தார். யப்பானிய மாணவர் இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் ஆண்டுக்கணக்கிற் பயின்றும் வாய்திறந்து பேச இயலாதிருந்தனர். வாய்மொழிப் பயிற்சியை முன்வைத்த தமது முறையைக் கட்டளையாக விதித்துவிட்டு அமர்ந்திருக்க அவர் விரும்பவில்லை. 1923ஆம் ஆண்டில் ஆங்கிலங் கற்பித்தல் ஆராய்ச்சி நிலையம் என்னும் அமைப்பு அவர் தலைமையில் நிறுவப்பட்டது. அந்நிலையம் ஆசிரியர்களுக்கென ஒரு சஞ்சிகையை வெளியிட்டது; ஆண்டுதோறும் மகாநாடு கூட்டியது. வகுப்பறையிற் கண்டதை ஆசிரியர் எழுதவும், பிற ஆசிரியர் வாசித்து ஆராயவும் இவ்வாறு வழி பிறந்தது.

அந்நிலையத்துடன் இணைந்தவர்களுள் ஒருவர் ஏ. எஸ். ஹோன்பி. ஆங்கில இலக்கியங் கற்பிப்பதற்காக 1924இல் யப்பானுக்குச் சென்ற அவர், மாணவர்க்கு முதலில் வேண்டியது மொழியே எனக் கண்டு அத்துறைக்குத் திரும்பினார். பாமர் 1936இல் நாடு திரும்பிய பின்னரும் ஹோன்பி அங்கே பணியைத் தொடர்ந்தார். அவரும் துணைவரும் தொகுத்த கற்போர் அகராதி, போர்க்காலத்தில், 1942இல், தோக்கியோவிலே வெளிவந்தது. 1946இல் பிரிட்டிஷ் கவுன்சில் தொடங்கிய ஆங்கில ஆசிரியர் சஞ்சிகையின் முதலாசிரியரும் அவரே. தமது நூல்களால் வந்த வருவாயைக் கொண்டு 1961இல் ஓர் அறநிதியை நிறுவிப் பல நாட்டு ஆங்கில ஆசிரியர்களின் மேற்பயிற்சிக்கு அவர் வழிசெய்தார்.

இனித் தென்னிந்தியாவுக்கு வருவோம். சுதந்திரத்திற்குப் பின்னர் கல்வி நாடெங்கும் பரந்தது. சிற்றூர்ப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் ஒரு பாடமாயிற்று. கற்பிக்க வேண்டிய ஆசிரியர் தொகையோ பல்லாயிரம். அக்காலத்தில் அமைப்புமுறை எனப்பட்ட ஒரு கற்பித்தல் முறை சென்னை மாநிலத்திற் செல்வாக்குப் பெற்றிருந்தது. எளிய வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பொருளையோ செயலையோ காட்டிப் பலமுறை சொல்லச்செய்து பதியவைப்பதே அம்முறை. புத்தகத்தைக் கையில் எடுத்து ‘திஸ் இஸ் எ புக்’ என்று ஆசிரியர் சொல்ல, வகுப்பு முழுவதும் அதனைத் திருப்பிச் சொல்லும்.

இம்முறையிலே, ஆங்கிலந் தொடங்கும் வகுப்புகளுக்குரிய 27,000 ஆசிரியர்களைப் பயிற்றும் பெருந்திட்டம் ஒன்று 1950களின் முடிவில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு தொடங்கப்பட்டது. நிபுணர் சிலர் முதலில் ஒரு சிறு குழுவினரைப் பயிற்றுவர். அக்குழுவினர் பல ஊர்களுக்குஞ் சென்று மற்றை ஆசிரியர்களைப் பயிற்றுவர். மலைச்சரிவில் உருட்டிவிட்ட பனியுருண்டை உருள உருளப் பெருப்பதுபோலப் பயிற்சி பெற்றோர் தொகை பெருகும் என்பது நம்பிக்கை. ஆதலால் இத்திட்டத்திற்குச் ‘சென்னைப் பனியுருண்டை’ என்ற பெயரே வழங்கலாயிற்று. பனியை ஒருநாளும் கண்டறியாத சென்னைக்கு இப்பெயர் வாய்த்தது வியப்பே!

திட்டத்தின் துணிவைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. அத்தனை ஆயிரம் ஆசிரியர்களை வேறெவ்வழியில் விரைந்து அடையமுடியும்? எனினும் இத்தகைய திட்டங்கள் அனைத்திலும் உள்ளுறைந்த ஓர் இடர் உண்டு. நிபுணரிடம் ஒரு முறையைக் கற்பவர் அதன் காரணத்தையும் கேட்டறிகின்றார். அவரிடங் கற்பவருக்குச் செய்முறை முழுமையாகவும் காரணம் அரைகுறையாகவும் சென்றடைகின்றது. மூன்றாங் கைக்கு வரும்போது செய்முறை மட்டுமே எஞ்சிவிடக்கூடும். அப்போது ஆசிரியர் ‘ஏன்’ என்று வினவாது ‘எப்படி’ என்பதை மட்டும் பின்பற்றுவார், பயிற்சி சடங்காகிவிடும். 1970களில் தென்னிந்திய ஆங்கில ஆசிரியர்களிடையே அமைப்புமுறை பற்றி அதிருப்தி வளர்ந்தது. வகுப்பிற் பிழையின்றிச் சொன்ன வாக்கியத்தை, வேண்டிய இடத்தில் மாணவர் தாமாகப் பயன்படுத்த இயலாதிருந்தமையே அதற்குத் தலையாய காரணம்.

இவ்வதிருப்தியின் விளைவே 1979 முதல் 1984 வரை நடைபெற்ற பெங்களூர்த் திட்டம். சென்னையிற் பிரிட்டிஷ் கவுன்சில் அலுவலராயிருந்த என். எஸ். பிரபு அதனை முன்னின்று நடத்தினார். வாக்கியப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, புகைவண்டி நேர அட்டவணையை வாசித்து விடைகாணல், வரைபடத்தில் வழி தேடல் போன்ற சிந்தனைப் பணிகளை மாணவர்க்குக் கொடுத்தனர். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர்கள் கொண்ட கருத்து. 1985இல் வெளிவந்த மதிப்பீடு திட்டத்துக்கு ஓரளவு சாதகமாகவே அமைந்தது. ஆனால் 1990இல் வெளியான மற்றோர் ஆய்வு, திட்டத்தை வகுத்த குழுவினர் அதனைத் தெளிவுடன் கையாண்ட அளவுக்கு, பின்னர் சேர்ந்த வழக்கமான பாடசாலை ஆசிரியர்கள் அதனைத் தமதாக்கிக்கொள்ளவில்லை எனக் காட்டியது. பழைய முறையைப் பற்றிய இடர் புதிய முறையையும் விடவில்லை!

இந்நிலையிற் பிரபு மேற்கொண்ட முடிவு சிந்திக்கத்தக்கது. எந்த முறை சிறந்தது என்று தேடுவதிற் பயனில்லை என 1990ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் வாதிட்டார். தாம் செய்யுங் காரியத்தால் மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்பது பற்றி ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கின்றது. அந்நம்பிக்கை உயிரோட்டத்துடன் இயங்கி, அனுபவத்தால் திருத்தமுற்று வளருமாயின் கற்பித்தல் சிறக்கும். அது உறைந்துபோகுமாயின் எந்த முறையும் இயந்திரச் செயலாகிவிடும். தமது பெயரோடு இணைந்த ஒரு முறையைக் கண்டவரே இவ்வாறு கூறினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

நேயர்களே, இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? டாக்காவில் ஒருவர் தம் மாணவரை நோக்கி வினவினார். தோக்கியோவில் ஆசிரியர் தம் அனுபவத்தை ஒருவரோடொருவர் பகிர்ந்தனர். சென்னையில் ஆயத்தமான விடை ஆயிரக்கணக்கானோருக்கு விரைந்து வழங்கப்பட்டது. விரைவின் விலை பின்னரே தெரிந்தது. கருத்தரங்குகளும் பயிற்சி வகுப்புகளும் வேண்டாம் என்பதற்கில்லை. அவை பிறருடைய விடைகளை ஆசிரியரிடம் கொணர்ந்து சேர்க்கும். அவ்விடைகளை எடைபோடும் தராசு ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும்.

ஆகையால், விடுமுறையின் இறுதி நாள்களிற் பாடக்குறிப்பை எழுதத் தொடங்கும் ஆசிரியர், கடந்த தவணையின் கொப்பிகள் சிலவற்றை முதலில் எடுத்துப் பார்ப்பாராக. எந்தப் பாடம் பிள்ளைகளிடம் தங்கிற்று? எது மறுவாரமே மறைந்தது? இடையில் பாடசாலையை விட்டு நீங்கிய பிள்ளை எதனை எடுத்துச் சென்றது? இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளை அடுத்த வகுப்பறையிலுள்ள ஆசிரியரோடு அமர்ந்து பேசுவாராக. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரண்டு நாற்காலிகளும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.