கீபோர்டுக்குக் கால் வந்த கதை

கீபோர்டு வாங்கி வந்து அட்டைப்பெட்டியைப் பிரிக்கிற வீடுகளில் முதலில் எழும் கேள்வி, இதை எதன்மேல் வைப்பது என்பதுதான். பெரும்பாலும் ஸ்டாண்டு கூட வருவதில்லை. வாத்தியத்துக்கு ஒரு விலை, காலுக்கு இன்னொரு விலை. அதனால் பலர் பலகையை அறுத்தோ, பிளாஸ்டிக் குழாய்களைக் கோத்தோ, இரும்பு ஆங்கிளை முடுக்கியோ தாங்களே ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது காசில்லாதவர்களின் ஒப்பேற்றலாகத் தெரிகிறது. செய்தவருக்கும் உள்ளூர அந்தக் கூச்சம் உண்டு. ஆனால் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியங்களின் சரித்திரம் இந்தக் கூச்சத்துக்கு இடம் தருவதில்லை. வாத்தியம் தனி, தாங்கி தனி என்பதே அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம். காலும் உடலும் ஒன்றாய்ச் சேர்ந்த பியானோதான் நடுவில் வந்த விதிவிலக்கு.

இடைக்கால ஐரோப்பாவின் கைப்பெட்டி ஆர்கன் மடியில் வைத்து வாசிக்கப்பட்டது. ஒரு கை கட்டைகளை அழுத்தும், மறு கை பின்னாலிருக்கும் துருத்தியை இயக்கும். 1397-ல் இறந்த இத்தாலிய இசைக்கலைஞர் ஃபிரான்செஸ்கோ லாண்டினியின் கல்லறைக் கல்லில், புளோரன்ஸ் நகரின் சான் லொரென்சோ தேவாலயத்தில், அவர் அந்த வாத்தியத்தோடுதான் செதுக்கப்பட்டிருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மெல்லிய சைப்ரஸ் பலகையால் செய்த தந்தி வாத்தியங்களுக்குத் தனியே ஓர் உறைப்பெட்டி இருந்தது. வாசிக்கும்போது வெளியே எடுத்து மேசைமேல் வைக்க முடியும். வர்ஜினல், கிளாவிகார்டு என்ற சிறிய தந்தி வாத்தியங்களும் அப்படித்தான், வீட்டில் இருக்கிற மேசையே அவற்றுக்குக் கால். 1763-ல் ஐரோப்பியப் பயணம் கிளம்பிய லியோபோல்ட் மொசார்ட், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான தம் மகன் வழியில் பழகுவதற்காக, ஆக்ஸ்பர்க் நகரில் வாத்தியம் செய்துவந்த யோஹான் ஆண்ட்ரியாஸ் ஸ்டைனிடம் ஒரு சிறு கிளாவிகார்டை வாங்கினார். காலும் சேர்ந்த வாத்தியமாக இருந்திருந்தால் அது குதிரை வண்டியில் ஊர் ஊராய்ப் போயிருக்காது. 1766 முதல் லண்டனில் யோஹானஸ் சும்பே செய்து விற்ற சதுரப் பியானோவும் ஒரு நீள்சதுரப் பெட்டிதான். நாலு கட்டைக்கால்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட எளிய தாங்கி தனியாக நிற்கும், பெட்டி அதன்மேல் உட்காரும். 1768-ல் இசையமைப்பாளர் யோஹான் கிறிஸ்டியன் பாக் லண்டன் மேடையில் பியானோவைத் தனியாக வாசித்தபோது எடுத்துக்கொண்டது இந்த வகைதான் என்று கருதப்படுகிறது. அதாவது, தனித்தாங்கி தரக்குறைவின் அடையாளமாக அன்று யாருக்கும் படவில்லை.

பிறகு பியானோவுக்குக் கால் ஏன் ஒட்டிக்கொண்டது? முதல் காரணம் எடை. சத்தம் பெருக வேண்டுமானால் தந்தி தடிக்க வேண்டும். தடித்த தந்தியை இழுத்துக் கட்டினால் மரச்சட்டம் தாங்காது. 1825-ல் பாஸ்டன் நகரில் பியானோ செய்துவந்த ஆல்ஃபியஸ் பாப்காக், ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வளர்ந்த இன்றைய கச்சேரிப் பியானோவில் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 20 டன். வாத்தியத்தின் எடை 500 கிலோவை நெருங்கும். அதை எந்த மேசை தாங்கும்? இரண்டாவது காரணம் கௌரவம். 19-ஆம் நூற்றாண்டு நடுத்தர வர்க்கத்தின் கூடத்தில் பியானோ ஒரு மரச்சாமானாகவும் இருந்தது. கடைந்த கால்கள் வாசிப்புக்கு உதவாவிட்டாலும் அந்தஸ்தைச் சொல்லின. நிமிர்ந்து நிற்கும் சுவர்ப் பியானோ கால்களைத் தன்னோடு வைத்துக்கொண்டே சின்ன வீடுகளுக்குள் போகவில்லையா என்று கேட்கலாம். போனது உண்மை. ஆனால் 200 கிலோவை ஒட்டிய பொருளை மாடிக்கு ஏற்ற ஆட்களும், தங்கி வாழ நிலையான வீடும் உள்ளவர்களிடம்தான் போனது. வாடகைக்கு வீடு மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கும், தரையில் அமர்ந்து வாழ்பவர்களுக்கும் வேறொரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹார்மோனியம். பாரிஸ் நகரின் அலெக்சாந்தர் தெபேன் 1842-ல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அது நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வாசிக்கும் வாத்தியம். மிதிகட்டையும் துருத்தியும் கீழே இருந்ததால் உயரமான உடல் தேவைப்பட்டது. கல்கத்தாவில் மேலைநாட்டு வாத்தியங்களை விற்றும் பழுதுபார்த்தும் வந்த துவாரகாநாத் கோஷ், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் அமைப்பையே மாற்றினார். துருத்தி பின்பக்கம் போனது, இயக்கும் வேலை இடதுகைக்கு வந்தது, கால்கள் கழன்றன. உதிரிப் பாகங்கள் குறைந்தன, விலையும் எடையும் இறங்கின, பழுதுபார்ப்பதும் சுலபமானது. பாட்டுக்காரரும் பக்கவாத்தியக்காரரும் பாயில் உட்காரும் சபையில் அதற்குத் தரையே தாங்கியாயிற்று. ஆனால் மிதிபெட்டி மறைந்துவிடவில்லை. மராத்திய சங்கீத நாடகங்கள் காலால் மிதிக்கும் ஆர்கனைத் தொடர்ந்து வைத்திருந்தன. மேடைக்கு ஓங்கிய சத்தமும் இரண்டு கைகளும் தேவைப்பட்டன. வீட்டுக்குள் போன பெட்டி காலைக் கழற்றியது, மேடையில் நின்ற பெட்டி வைத்துக்கொண்டது. வாத்தியத்துக்குக் கால் உண்டா இல்லையா என்பதை அது வாழும் இடமே தீர்மானித்திருக்கிறது.

மலிவாக்கியதால்தானே சங்கீதம் கெட்டது என்று இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஹார்மோனியத்தின்மீது அந்தப் பழி பலமாகவே விழுந்தது. பாரதி தமது சங்கீதக் கட்டுரையில் அதைக் கடுமையாகச் சாடினார். கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியும் அதை ஏற்கவில்லை. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் அவர்கள் எதை எதிர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். சம இடைவெளியில் சுருதி கூட்டிய கட்டைகளில் நம் ஸ்வரஸ்தானங்கள் சரியாக உட்காரவில்லை, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போகும் கமகம் வரவில்லை என்பதே இசைவழிப்பட்ட குற்றச்சாட்டு. காலால் மிதித்த பிரெஞ்சுப் பெட்டிக்கும் இதே குறைகள் உண்டு. கால் போனதால் உண்மையில் இழந்தது ஒன்றுதான்: இடதுகை துருத்திக்குப் போய்விட்டதால் இரு கைகளாலும் வாசிப்பது இயலாமல் போயிற்று. தனி மெட்டாக ஓடும் சங்கீதத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை.

தந்தியும் இரும்பும் போனபோது பியானோவின் பிள்ளைகளும் இதே பாதைக்குத் திரும்பின. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஹெரால்ட் ரோட்ஸ், காயம்பட்டுப் படுக்கையில் இருந்த வீரர்களுக்குப் பியானோ கற்பிக்க விரும்பினார். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் கழிவு அலுமினியக் குழாய்களை வெட்டி, 29 கட்டைகள் கொண்ட சிறு பியானோவைச் செய்தார். நோயாளியின் மடியே அதற்குத் தாங்கி. பின்னாளில் மேடைகளை ஆண்ட ரோட்ஸ் மின்பியானோவின் தொடக்கம் இந்தக் கைவேலைதான். 1980-ல் கணக்குப்பொறி செய்துவந்த கேஸியோ தன் முதல் கீபோர்டான கேஸியோடோன் 201-ஐ 49 கட்டைகளோடு வெளியிட்டது. ஒலி சில்லுகளுக்குள் போய்விட்ட பிறகு, கால் உடலோடு சேர்ந்திருக்க எந்தப் பொறியியல் காரணமும் மிச்சமில்லை. இன்று பயிற்சிக்கு வாங்கப்படும் 61 கட்டைக் கீபோர்டு நாலைந்து கிலோதான் இருக்கும். சும்பேயின் பெட்டியைப் போலவே ஏறத்தாழ ஐந்து ஸ்தாயி, அதைப் போலவே தனித்தாங்கி.

வீட்டில் செய்த ஸ்டாண்டில் கை நிலை கெடும், ஆட்டம் இருக்கும் என்பது அடுத்த ஆட்சேபம். கவனிக்க வேண்டிய பேச்சுதான். பியானோவில் வெள்ளைக்கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72 முதல் 74 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சாப்பாட்டு மேசையே 75 சென்டிமீட்டர். அதன்மேல் பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கீபோர்டை வைத்தால் கட்டைகள் 85-க்குப் போய்விடும், வாசிப்பவரின் தோள் தூக்கிக்கொள்ளும். மேசையைத்தான் இந்தக் கணக்கு தள்ளிவிடுகிறது. 62 சென்டிமீட்டரில் சட்டத்தை அறுக்கும் வீட்டுத் தச்சுவேலை இதில் தேறிவிடும். பிள்ளையின் உயரத்துக்குத் தக்கபடி அறுத்துக்கொள்ளவும் அதில் முடியும். ஆட்டத்தைப் பொறுத்தவரை, கத்தரிக்கோல் வடிவில் கால்கள் குறுக்கிடும் கடை ஸ்டாண்டுகளே வேகமாக வாசித்தால் பக்கவாட்டில் அசையக்கூடியவை. நாலு காலும் குறுக்குச் சட்டமும் கொண்ட சும்பே காலத்து வடிவம் அவற்றைவிட உறுதி. 1947-ல் லண்டனில் டெமெட்ரியஸ் கொமினோ டெக்ஸியன் என்ற பெயரில் கொண்டுவந்த துளையிட்ட இரும்பு ஆங்கிள் இன்று நம் ஊர் மளிகைக் கடை அலமாரிகளில் எல்லாம் நிற்கிறது. வெல்டிங் வேண்டாம், போல்ட்டும் நட்டும் போதும், உயரத்தைத் துளை துளையாக மாற்றலாம். எல்லாக் கீபோர்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. கனத்த கட்டைகள் கொண்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோ பத்து கிலோவைத் தாண்டும், வாசிப்பின் அடியும் பலம். அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஆகாது.

ஹார்மோனியத்தில் இல்லாத ஒரு தேவை மட்டும் கீபோர்டோடு வந்திருக்கிறது: காகிதம். பாட்டு மனப்பாடமாக இருந்த சபைகளில் பெட்டிமேல் ஏடு வைக்க இடம் தேவைப்படவில்லை. டிரினிட்டி காலேஜ் லண்டனின் கீபோர்டு கிரேடுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கோ, நொட்டேஷன் புத்தகம் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். கூட வரும் பிளாஸ்டிக் தகடு உடைந்தாலோ தொலைந்தாலோ, சாய்வாக ஒரு பலகையும் புத்தகம் நழுவாமல் கீழே ஒரு விளிம்புச் சட்டமும் போதும். ஆக, வீட்டு ஸ்டாண்டைப் பார்த்துக் கேட்கத்தக்கவை நான்குதான்: எடையைத் தாங்குகிறதா, ஆடாமல் நிற்கிறதா, உயரம் சரியா, புத்தகம் கண்ணுக்கு எட்டுகிறதா. எங்கே வாங்கியது என்பது அந்தப் பட்டியலில் முதலில் இருந்ததில்லை. அதைச் சேர்த்தது 19-ஆம் நூற்றாண்டின் வரவேற்பறை. அதன் கௌரவக் கணக்கை நாலு கிலோ பெட்டியின்மேல் ஏற்ற வேண்டியதில்லை.