ஜவ்வரிசி லேசான சாப்பாடா? நம்ம சேலத்துக் கதையும் சாயங்கால டீயும்

1/ சர்க்கரை நோய் ஓபியில் நான் அடிக்கடி கேட்கிற பதில் இது: "சோத்தைக் கொறைச்சுட்டேனுங்க டாக்டர். சாயங்காலம் டீக்கு கொஞ்சம் ஜவ்வரிசி வடாம், இல்லீன்னா குச்சிக்கிழங்கு சிப்ஸ். லேசான சாப்பாடு தானுங்களே?"
ரிப்போர்ட்டைப் பார்த்தா ஹெச்பிஏ1சி 9.4.
அவங்க பொய் சொல்லல. அந்த "லேசு"க்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

2/ முன்னாடி ஜவ்வரிசி கப்பல்ல வந்த பொருள். ஜாவாவில இருந்து வந்த அரிசி, அதான் ஜவ்வரிசின்னு சொல்லுவாங்க. இரண்டாம் உலகப்போர்ல தென்கிழக்காசியாவை ஜப்பான் பிடிச்சதும் வரத்து நின்னுபோச்சு.

3/ 1943. சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவோட சேர்ந்து, மரவள்ளிக் கிழங்குல இருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சார். குடிசைத் தொழிலாத் தொடங்கினது, சேலம், நாமக்கல் மானாவாரிக் காட்டுக்கே சோறு போடுற தொழிலா வளர்ந்துச்சு. 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. நமக்கெல்லாம் பெருமைதான்.

4/ இப்ப மருத்துவத்துக்கு வர்றேன். கிழங்கை அரைச்சு, பாலை வடிகட்டி, தெளிய வைப்பாங்க. நார் திப்பியா மாட்டுத் தீவனத்துக்குப் போயிடும். அடியில தங்குற மாவுதான் ஜவ்வரிசி. 100 கிராமில் மாவுச்சத்து 85 கிராமுக்கு மேல. புரதம் 1 கிராம்கூட இல்ல.

5/ காய்ச்சல்காரருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தது சரிதான். சுலபமா செரிக்கும். ஆனா சுலபமா செரிக்கும்னா, சீக்கிரமா சர்க்கரையா ரத்தத்துல ஏறும்னு அர்த்தம். எண்ணெயில பொரிச்சா அந்த ஏற்றம் கொஞ்சம் தாமதமாகும், ஆனா கலோரி கூடிடும்.

6/ சேகோசர்வ் பிறந்த அதே 1981ல், டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 62 உணவுகளைச் சோதிச்சு, எது சர்க்கரையை எவ்வளவு ஏத்துதுன்னு ஒரு அளவுகோல் கொடுத்தாங்க. அதுவும் ஜிஐ, புவிசார் குறியீடும் ஜிஐ. முதலாவது ஜிஐ ஓபி வரிசைக்கு இன்னும் போய்ச் சேரல.

7/ வழியும் நம்ம மண்ணுலயே இருக்கு. பக்கத்து நாமக்கல் முட்டை. 1989ல் சத்துணவுல முட்டை சேர்ந்தப்போ, பிள்ளைங்களுக்குப் புரதம் வேணும்னுதான் சேர்த்தாங்க. ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம், மாவுச்சத்து 1 கிராமுக்கும் கம்மி. டீக்கடையிலேயே அவிச்ச முட்டை கிடைக்கும். சைவமா? ஒரு கை சுண்டல் இல்ல வறுத்த நிலக்கடலை.

8/ டீயில சக்கரை வேண்டாம். வடாம் ஆசையா இருந்தா ரெண்டு, அதுவும் சுண்டல் சாப்பிட்ட பிறகு. இன்சுலின் போடுறவங்க, கிட்னி பிரச்சினை உள்ளவங்க மாத்துறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேளுங்க.

ஜவ்வரிசி நம்ம ஊருக்குச் சோறு போட்ட பொருள். அதைக் குத்தம் சொல்லல. "லேசு"ங்கிற வார்த்தையை மட்டும் சர்க்கரை நோயாளி நம்பிடக் கூடாது. வீட்டுல சர்க்கரை இருக்கிற அப்பா, அம்மாவுக்கு இன்னைக்கே படிச்சுக் காட்டுங்க.