இழுப்பது ஒரு பங்கு, விடுவது இரண்டு

எனக்கு ஆஸ்துமா வந்தது முப்பத்தெட்டு வயதில். காற்றை இழுப்பதுகூடப் பரவாயில்லை. இழுத்தது வெளியே போகாமல் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் திருமூலரின் திருமந்திரத்தில், மூச்சுப் பயிற்சியான பிராணாயாமத்தைச் சொல்லும் பகுதியில் ஒரு கணக்கு என்னை நிறுத்திவிட்டது: பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை நேரம், கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. விடுவது இழுப்பதைப்போல் இரு மடங்கு!

திருமூலர் இளைப்புக்கு மருந்தாக இதைச் சொல்லவில்லை. அவர் தேடியது வேறு. ஆனால் அது உடலுக்கு என்ன செய்கிறது என்று பின்னால் வந்தவர்கள் சோதித்தார்கள். பிராணாயாமத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடி சுவாமி குவலயானந்தர். 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கினார். 1985இல் ஆய்வாளர்கள் நாகரத்னாவும் நாகேந்திராவும் யோகம் பயின்ற 53 ஆஸ்துமா நோயாளிகளைப் பயிலாத 53 பேரோடு ஒப்பிட்டார்கள். பயின்றவர்களின் ஊதுதிறன் கூடியிருந்தது.

என் மனத்துக்கு நெருக்கமானது 1990இல் லான்செட் இதழில் வந்த நாட்டிங்ஹாம் ஆய்வு. லேசான ஆஸ்துமா உள்ள 18 பேர். கையில் 'பிங்க் சிட்டி' என்ற சின்னக் கருவி. பெயரே 'இளஞ்சிவப்பு நகரம்' ஜெய்ப்பூரைச் சொல்கிறது. அதன் வழியே மூச்சுவிட்டால் வேகம் தானாகக் குறையும், இழுப்பதும் விடுவதும் ஒன்றுக்கு இரண்டாக அமையும். திருமூலரின் அதே 16க்கு 32! ஊதுதிறன் பெரிதாக ஏறவில்லை. ஆனால் மூச்சுக்குழல் சுருங்க முன்பைவிட அதிக ஹிஸ்டமின் தேவைப்பட்டது. எனக்கு அதுவே பெரிய செய்தி.

விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து நான்கு எண்ணி இழுக்கிறேன், எட்டு எண்ணி விடுகிறேன். கும்பகம் செய்வதில்லை. இன்ஹேலர் மடியிலேயே இருக்கிறது.