முகமூடி வீரர்களும் கரிசல் பூமியின் கொட்டகைகளும்

வைப்பாற்றங்கரையிலே வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் விளையாட்டுக் காய்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தபோது, இந்த வறண்ட பூமியில் வாழ்ந்த பண்டை ஜனங்கள் உழைப்போடு நின்றுவிடாமல் அலங்காரத்திலும் விளையாட்டிலும் மனம் வைத்தவர்கள் என்பது பிரத்தியட்சமாயிற்று. அந்த விளையாட்டுக் காய்களுக்கு நாம் தரும் மரியாதையில் ஒரு பங்கையாவது, இதே மண்ணில் நம் தந்தையர் காலத்தில் செழித்திருந்த மற்றொரு விநோதத்துக்கும் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். டூரிங் டாக்கீஸ் என்ற கூடாரக் கொட்டகையிலே, மணலில் சம்மணமிட்டு அமர்ந்து, முகத்தை மறைத்த வீரனோ வீராங்கனையோ துஷ்டர்களைப் பந்தாடும் மலிவான சண்டைப் படங்களைக் கண்டு களித்த வழக்கத்தையே சொல்கிறேன். கலை விமர்சகர்கள் அவற்றை மதித்ததில்லை. சரித்திரம் எழுதுவோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் நாளெல்லாம் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் உழைத்த ஜனங்கள் தம் கைக்காசைக் கொடுத்து விரும்பிப் பார்த்த ஒன்று சரித்திரத்துக்குப் புறம்பானதாக எப்படி இருக்க முடியும்?

இந்த வகைப் படத்தின் வம்சாவளியைத் தேடிப் போனால், நாம் முதலில் பம்பாய்க்குச் செல்லவேண்டும். 1920-இல் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் என்ற அமெரிக்க நடிகர் ஸோரோ என்னும் முகமூடி வீரனாகத் தோன்றிய மௌனப் படம் உலகெங்கும் பரவியபின், அதன் சாயலை நம் தேசத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தவர்களில் தலையானவர்கள் வாடியா சகோதரர்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, சர்க்கஸிலும் நாடகமேடையிலும் பயின்று வந்த மேரி இவான்ஸ் என்னும் நாதியாவை நாயகியாக்கி, ஹோமி வாடியாவின் இயக்கத்தில் 1935-இல் ‘ஹண்டர்வாலி’ என்ற படத்தை அவர்கள் எடுத்தார்கள். அநீதியைக் கண்டு பொறாத இளவரசி மாதுரி, கண்ணுக்கு முகமூடியும் கையிலே சாட்டையுமாகக் குதிரையேறிப் புறப்படுவதே கதை. விநியோகஸ்தர் ஒருவரும் அதை வாங்கத் துணியாமையால் தயாரித்தவர்களே சொந்தப் பொறுப்பில் வெளியிட நேர்ந்தது. படமோ அமோக வெற்றி பெற்றது.

இரண்டே ஆண்டுகளில் அந்த அலை தமிழுக்கும் வந்துவிட்டது. கே. அமர்நாத் இயக்கி 1937-இல் வெளிவந்த ‘மின்னல்கொடி’யில் கே. டி. ருக்மிணி ஆண் உடை தரித்துக் குதிரைமீது பாய்ந்தார். புராண நாயகிகள் மணிக்கணக்கில் பாடிக் கண்ணீர் உகுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒரு தமிழ்ப் பெண் சண்டையிட்டு வென்றதைப் பாமர ஜனங்கள் கரகோஷத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பது சாமானிய விஷயமன்று. சமூகச் சீர்திருத்தம் பேசிய பல கண்ணியமான படங்கள்கூடத் தம் நாயகிக்கு இத்தனை சுதந்திரம் கொடுக்கவில்லை. பிறகு 1954-இல், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவலைத் தழுவிக் கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’, எம்.ஜி.ஆரின் மாறுவேடச் சாகசத்தால் இந்த வகைக்கே ஒரு கௌரவத்தைத் தேடித் தந்து, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தையும் பெற்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அறுபதுகளில் ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்களும், ஒளிப்பதிவாளர் கர்ணன் 1972-இல் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ முதலிய குதிரைப் படங்களும் அந்தக் கொடியில் பின்னால் பூத்தவை.

இவை மலிவாக எடுக்கப்பட்டவை என்பதே இவற்றின் சிறப்புக்கும் காரணம். வெட்டவெளியும் பாறையும் குதிரையும் இருந்தால் அரண்மனை அரங்கம் தேவையில்லை. வசனம் குறைவாதலால் பாஷை தெரியாதவனும் பின்தங்குவதில்லை. முகமூடி இருப்பதால், ஆபத்தான தாவலை நட்சத்திரத்துக்குப் பதிலாக வேறொரு சண்டைக்காரர் செய்துவிடலாம். பணமில்லாமையை யுக்தியால் நிரப்பிய அந்தச் சண்டைக்காரர்களுள் பெரும்பாலோருடைய பெயர் திரையில்கூட வரவில்லை.

இனி, கொட்டகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துப் படம் காட்டிய நாளிலிருந்து, தென்னாட்டுக் கிராமங்களுக்குச் சினிமா என்பது வண்டியேறி வந்து, சில மாதம் தங்கி, உத்தரவுக் காலம் முடிந்ததும் பெயர்ந்து போகும் விருந்தாளியாகவே இருந்தது. கரிசல் பூமியிலும் அப்படியே. பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு எழும்; அதைக் கேட்டே இரண்டு மைல் தொலைவிலுள்ளவர்கள் உலையை இறக்கிவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்துகொள்ள, பின்னாலிருப்பவர் மறைக்கிறது என்று கூச்சலிட, ஆண்பகுதிக்கும் பெண்பகுதிக்கும் நடுவே ஒரு தட்டி நிற்கும். படக்கருவி ஒன்றே ஒன்று. ஆகையால் சுருள் முடியும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும். வீரன் மலையுச்சியிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும் கணத்தில் விளக்கு எரிந்தால், முறுக்கும் கடலையும் சோடாவும் விற்பவர்கள் உள்ளே நுழைவார்கள். சண்டையின் முடிவு என்னவாகும் என்று சபை முழுவதும் தர்க்கம் செய்யும். அந்த இடைவேளைகளைக் குறையென்று நான் நினைப்பதில்லை. கதையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ரசிகனுக்குக் கிடைத்த அவகாசம் அது.

ஐம்பதுகளின் ஆரம்பம்வரை படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. பருத்தி நாரோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துச் செய்யும் இது வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஆகவே படம் ஓட்டும் அறையில் மணல்வாளி தொங்கிற்று. வெடியுப்பையும் கந்தகத்தையும் தினந்தோறும் கையாண்டு, மணல்வாளியின் பக்கத்திலேயே பகற்பொழுதைக் கழித்த ஜனங்கள், மாலையில் அதேபோன்ற வாளியைக் கடந்து சென்று உட்கார்ந்தார்கள்.

இதே காலத்தில், பூமியின் மறுபக்கத்திலே மெக்ஸிகோவில், மற்றொரு உழைப்பாளி வர்க்கம் இதே ரசனையில் திளைத்துக்கொண்டிருந்தது. 1933-இல் சால்வடோர் லுட்டெரோத் என்பவர் ஒழுங்குபடுத்திய குஸ்திப் போட்டிகளில் முகமூடி மல்லர்கள் தோன்றி, நாளடைவில் திரைக்கும் வந்தார்கள். அவர்களுள் சிரேஷ்டர் எல் சாந்தோ என்ற வெள்ளி முகமூடிக்காரர். 1958-இல் கியூபாவில் படமாக்கப்பட்டவற்றில் தொடங்கி, ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் இரத்தக்காட்டேரிகளோடும் பைத்தியக்கார விஞ்ஞானிகளோடும் அவர் மல்லுக்கு நின்றார். அட்டையால் செய்த சுவரும் நூலில் ஆடும் வௌவாலும் அப்படங்களில் தெரியத்தான் தெரிகின்றன. ஆயினும் சாந்தோவின் கம்பீரம் குலைவதில்லை. 1984-இல் அவர் மறைந்தபோது முகமூடியோடே அவரை அடக்கம் செய்தார்கள்.

நம் தேசத்து மல்லர்களும் திரையேறாமல் இல்லை. அமிர்தசரஸ் ஜில்லாவில் பிறந்த தாராசிங், கிங் காங் என்ற பட்டப்பெயர் கொண்ட ராட்சச உடலுடைய பயில்வானோடு மோதிப் புகழடைந்து, 1962-இல் பாபுபாய் மிஸ்திரியின் ‘கிங் காங்’ படத்தில் நாயகரானார். அவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை என்பதைத் தவிர, சாந்தோவின் படங்களுக்கும் அவருடைய படங்களுக்கும் குணத்தில் பேதமில்லை.

வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு அந்த வெள்ளி முகம் அந்நியமானதன்று. பட்டாசு ஆபீசில் மருந்து கலப்போரையும் அடைப்போரையும் வேலை முடிந்து வேன் ஏறும் நேரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அலுமினியப் பொடி படிந்து கை, கழுத்து, நெற்றி, புருவமயிர்வரை வெள்ளியாக மினுங்க, கண்ணும் பல்லும் மாத்திரமே மனிதருடையவையாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் காதுமடலின் இடுக்கிலும் நகக்கண்ணிலும் மிச்சம் இருந்தே தீரும். திரையில் வெள்ளி முகத்தோடு தோன்றியவன் வெல்லமுடியாதவன். இவர்களோ அந்த மினுமினுப்பின் விலையை உயிரால் கொடுக்க நேர்ந்த துர்ப்பாக்கியம் இப்பகுதியில் எத்தனையோ முறை சம்பவித்திருக்கிறது. அடிபட்டவன் அடுத்த சுருளில் எழுந்து வரும் கதையை இவர்கள் விரும்பியதற்கு இதற்கு மேல் வியாக்கியானம் தேவையென்று நான் எண்ணவில்லை.

இந்த ரசனைக்குச் சிவகாசி செய்த கைங்கரியமும் பெரிது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபின், பெட்டிக்கு லேபிள் வேண்டியே அச்சுத் தொழில் இங்கு வேரூன்றிற்று. வீரர்களும் புலிகளும் சினிமா முகங்களும் பட்டாசுக் கட்டின்மேல் ஏறின. காலக்கிரமத்தில் சினிமாச் சுவரொட்டியும் இந்த இயந்திரங்களிலிருந்தே தமிழ்நாடெங்கும் போயிற்று. 1972-இல் சிவகாசியில் உதயமான முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யை முதல் வெளியீடாகக் கொண்டுவந்தது. பிரிட்டனில் பிறந்த அந்த மாயாவி, மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மாத்திரம் தெரிய உலவுபவன். முகமூடி அணிந்த வேதாளரும் அதே பதிப்பகத்தின் வழியாகத் தமிழ் பேசினார். மெக்ஸிகோவிலும் சாந்தோ 1952-இலேயே, திரைக்கு வருமுன், படக்கதைப் புத்தகத்தின் நாயகராகியிருந்தார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கொட்டகை பெயர்ந்து போன ஊர்களில், பையன்களின் கையில் இந்தப் புத்தகங்களே நிலைத்தன.

கொட்டகைகள் இன்று இல்லை. தொலைக்காட்சி வந்தபின் ஒவ்வொன்றாக மறைந்தன. பழைய சுருள்களில் பல, அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக எடைக்குப் போயின. எஞ்சியிருப்பது காகிதம்: பாட்டுப் புத்தகம், வண்டியில் தப்படித்து வீசிய நோட்டீஸ், லேபிள், சுவரொட்டி. சிவகாசியின் பழைய அச்சகக் கிடங்குகளிலும், படப்பெட்டி சுமந்தவர்களின் வீட்டுப் பரண்களிலும் கிடப்பவற்றை, கரையான் முந்திக்கொள்ளுமுன் திரட்டி, நாளும் விலையும் குறித்து அடுக்கிவைக்கும் பணி உடனே தொடங்கவேண்டும். அந்தக் கொட்டகைகளில் மணல் குவித்து உட்கார்ந்தவர்களுள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்கள் வாய்மொழியையும் கூடவே எழுதிக்கொள்ளலாம்.