மருத்துவருக்கு முந்திய மணித்துளிகள்: காயம்பட்ட பூனையும் இந்திய வீடும்

1623ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் துறைமுக நகரான கம்பாத்துக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, அங்குப் பறவைகளுக்கென நடத்தப்பட்ட மருத்துவமனை ஒன்றைக் கண்டார். நொண்டியானவை, நோயுற்றவை, துணையிழந்தவை எனப் பலவகைப் பறவைகள் அங்குப் பேணப்பட்டன. குணமடைந்த காட்டுப் பறவைகள் பறக்கவிடப்பட்டன. வீட்டுப் பறவைகள் வளர்ப்போரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றினும் அவர் கண்ணை ஈர்த்தது வேறொரு காட்சி. மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடி முதியவர் ஒருவர், தாயற்ற எலிக்குஞ்சுகளைப் பெட்டியொன்றில் பஞ்சினிடையே வைத்து, இறகின் நுனியால் அவற்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1580களில், இந்தியாவில் பயணம் செய்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்சும் இதே நகரில் முடமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் மருத்துவமனைகள் இருந்தன என்று குறித்துள்ளார்.

இவ்விரு குறிப்புகளும் இந்திய விலங்கு மருத்துவ வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படுபவை. ஆயினும் அவற்றைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் நிறுவனத்தையே நோக்குகின்றனர். முதியவரின் கையை நோக்குவதில்லை. அவர் செய்தது அறுவையன்று, மருந்தூட்டலுமன்று. வெதுவெதுப்பு, ஒடுங்கிய இருள், துளித்துளியான உணவு என்னும் மூன்றையும் அளித்தார். மருத்துவரை அடையும் முன் வீட்டில் ஓர் உயிரைக் காப்பதற்குச் செய்யப்படும் பராமரிப்பின் வரலாறு இந்தக் கையிலிருந்துதான் எழுதப்பட வேண்டும். அதனை எழுதுவது ஏன் கடினமாக உள்ளது என்பதே முதலில் எழும் வினா.

அரசின் பார்வையில் விலங்கு மருத்துவம் தொன்மையானது. பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அசோகரின் இரண்டாம் பெரும்பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குகளுக்குமாக இருவகைச் சிகிச்சைகள் ஏற்படுத்தப்பட்டதை அறிவிக்கிறது. அவை பேரரசின் எல்லைக்குள் மட்டுமன்றிச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் செய்யப்பட்டன என்கிறது. தமிழ் அரசுகளின் பெயர்கள் கல்வெட்டில் இடம்பெறும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, விலங்குகளுக்கான மருத்துவத்தைப் பற்றிய வாசகத்தோடு சேர்ந்து வருகிறது என்பது மாணவர் கவனத்துக்குரியது. ஆனால் சாசனம் கட்டடங்களைக் குறிப்பிடவில்லை. மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நடப்பட்டன என்றே கூறுகிறது. எனவே அசோகர் விலங்கு மருத்துவமனைகளைக் கட்டினார் என்னும் பாடநூற் கூற்றைவிட, மருந்துப் பொருள்கள் மக்களின் கைக்கெட்டும்படி செய்யப்பட்டன என்னும் வாசிப்பே கல்வெட்டுக்கு நெருக்கமானது.

அர்த்தசாத்திரம் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. குதிரைக்கும் யானைக்கும் மருத்துவர்கள் இருந்தனர். தவறான சிகிச்சையால் நோய் முற்றினால் மருத்துவருக்குத் தண்டம் விதிக்கவும் அந்நூல் வகைசெய்கிறது. பூனை அங்கு மருத்துவப் பகுதியில் இல்லை. பேரிடர்களைப் பற்றிய பகுதியில் உள்ளது. எலித்தொல்லை பெருகும்போது பூனைகளையும் கீரிகளையும் விடவேண்டும்; அவற்றைப் பிடிப்பவருக்கும் துன்புறுத்துபவருக்கும் 12 பணம் தண்டம். பூனைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது களஞ்சியத்தின் பொருட்டே. அடிபட்ட பூனையை யார் கவனிப்பது என்பதைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை.

கருணையின் வரலாற்றை எழுதும்போது மனுநூலின் ஓரிடத்தையும் விலக்கிவிட இயலாது. பூனை, கீரி, தவளை, நாய், உடும்பு, ஆந்தை, காக்கை முதலியவற்றைக் கொன்றதற்குரிய கழுவாயை அது சூத்திரனைக் கொன்றதற்குரிய கழுவாயோடு சமன்படுத்துகிறது. இதனைப் பூனையின் உயிருக்கு அளிக்கப்பட்ட மதிப்பு என்று வாசிப்போர் உளர். மனிதருள் ஒரு பிரிவினரின் உயிர் எந்த அளவுக்குத் தாழ்த்தப்பட்டது என்பதற்கான சான்று என்பதே நேரிய வாசிப்பு. விலங்குகள்பால் காட்டப்படும் இரக்கம் மனிதர்பால் காட்டப்படும் இரக்கத்துக்குத் தானாகவே இட்டுச்செல்வதில்லை. எதிர்மறையான சான்றும் உண்டு. கம்பாத்தின் விலங்கு இல்லத்தில், திருட்டுக்காக இரு கைகளும் வெட்டப்பட்ட இஸ்லாமியர் ஒருவர் விலங்குகளோடு விலங்காக வைத்துக் காக்கப்பட்டதைத் தெல்லா வல்லே பதிவுசெய்துள்ளார். பிழைக்க வழியற்றவரை அவ்வூரார் பட்டினியில் விடவில்லை. ஆயின் அவர்கள் அளித்த இடம் தொழுவத்தில் இருந்தது.

கம்பாத்தின் மரபே பின்னர் பிஞ்சராபோல் என்னும் பெயரில் மேற்கு இந்திய நகரங்களில் வேரூன்றியது. 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் அரசு நடவடிக்கையை எதிர்த்துப் பார்சிகள் தொடங்கிய கிளர்ச்சி, பிற வணிகச் சமூகங்களையும் ஈர்த்தது. அதன் தொடர்ச்சியாக 1834இல் ஜம்செட்ஜி ஜீஜீபாயும் குஜராத்தி வணிகர்களும் இணைந்து பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினர். பிஞ்சராபோல் உயிரைக் கொல்வதில்லை; அதுவே அதன் அறம். ஆனால் அடைக்கலம் வேறு, சிகிச்சை வேறு. உடைந்த காலோடு வந்த விலங்கு உடைந்த காலோடே அங்கு ஆயுளைக் கழிக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய விமர்சகர்கள் இதனைக் கடுமையாகச் சாடினர். அச்சாடலில் காலனிய இறுமாப்பு இருந்தது உண்மை. அவர்கள் கேட்ட கேள்வி பொருளற்றதாகிவிடவில்லை என்பதும் உண்மை.

காலனிய அரசு கொண்டுவந்த மருத்துவமோ பூனையைக் கண்டுகொள்ளவில்லை. 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைக் கவனிக்க வந்த வில்லியம் மூர்கிராஃப்ட் முதற்கொண்டு, அதன் முதல் அக்கறை படைக்குதிரை. மாட்டுக் கொள்ளைநோய் குறித்த ஆணையத்தின் 1871ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் உழவுமாடும் அக்கறைக்குள் வந்தது. 1882இல் லாகூரிலும், 1886இல் பம்பாயிலும், 1903இல் சென்னையிலும் கல்வி நிலையங்கள் தோன்றின. தமிழில் இத்துறைக்கு அமைந்த பெயரே நிலைமையை உணர்த்தும். 'கால்நடை' என்பது ஆடுமாடுகளைக் குறிப்பது. 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பழம்பொருள். செல்வமாக எண்ணப்படாத பூனை, கால்நடை மருத்துவமனையின் வாயிலுக்கு மிகப் பிந்தியே வந்தது. பம்பாய்ப் பரேலில் 1880களில் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால், அவர் மனைவியார் சகர்பாய் பெயரில் எழுந்த விலங்கு மருத்துவமனை போன்றவை விதிவிலக்குகளே.

சட்டமும் வீட்டு வாயிலோடு நின்றது. 1890ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தெருவையும் பொதுமக்கள் புழங்கும் இடங்களையுமே முதன்மையாகக் கருதியது. வண்டிமாட்டின் மேல் விழும் சாட்டை அதன் கண்ணுக்குத் தெரிந்தது. அடுப்படியில் வெந்நீர் பட்டுக் கிடக்கும் பூனை தெரியவில்லை. அப்பூனையைக் கவனித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் வீட்டு வேலையாட்களும். அவர்கள் அறிக்கை எழுதுபவர்களாக இருக்கவில்லை. ஆவணம் இல்லாமைக்கு இதுவே காரணம். பராமரிப்பு இல்லாமை அன்று.

இந்த எழுதப்படாத அறிவைப் போற்றி மட்டும் விட்டுவிடுவது வரலாற்றாய்வுக்குப் போதாது. 20ஆம் நூற்றாண்டில் வீட்டு மருந்துப் பெட்டியே மாறியது. பஞ்சும் துணியும் எண்ணெயும் மஞ்சளும் இருந்த இடத்தில் பினாயில், கிருமிநாசினித் திரவம், அந்துருண்டை, வலிநிவாரண மாத்திரை ஆகியவை வந்து சேர்ந்தன. மனிதருக்கும் மாட்டுக்கும் பழகிய பொருள்களைப் பூனைக்கும் கையாளுவது இயல்பான இரக்கம். ஆனால் சில வேதிப்பொருள்களைக் குளுகுரானிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாராசிட்டமால் அதன் உடலில் நஞ்சாக மாறிச் சிவப்பணுக்கள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை அழிக்கிறது; 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கப் போதுமானது. பினாயிலிலும் சில கிருமிநாசினிகளிலும் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களும் அவ்வாறே. புழுவைத்த புண்ணில் ஊற்றப்படும் பினாயிலும் பொடித்துத் தூவப்படும் அந்துருண்டையும் தோல் வழியே உட்செல்கின்றன. நக்கும்போது வாய் வழியாகவும் செல்கின்றன. எனவே காயத்தால் இறந்ததாகக் கருதப்படும் பூனை, அன்போடு இடப்பட்ட மருந்தாலும் இறந்திருக்கக்கூடும்.

இன்றைய கால்நடை மருத்துவம் வீட்டாரிடம் எதிர்பார்ப்பது மிகச் சிலவே. அடிபட்ட பூனையைத் தடித்த துணியால் போர்த்தி எடுக்க வேண்டும். வலியில் அது வளர்த்தவரையே கடிக்கும். குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை உரிக்காமல் மேலே மற்றொன்றை வைக்க வேண்டும். மேல்மாடியிலிருந்து விழுந்த பூனையைத் தொங்கவிடாமல் பலகையிலோ உறுதியான அட்டையிலோ கிடத்தி எடுக்க வேண்டும். உடைந்த எலும்பை நேராக்க முயலலாகாது. காற்றோட்டமுள்ள பெட்டி, இருள், வெதுவெதுப்பு, அமைதி ஆகியவை தேவை. வாய் திறந்து மூச்சுவாங்குவதும் ஈறு வெளுப்பதும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதன் அறிகுறிகள். ஆழ்ந்த புண்ணில் எப்பொடியையும் அப்பலாகாது. அது புண்ணின் ஆழத்தை மறைக்கும்.

முதியவரின் பெட்டியும் பஞ்சும் இப்பட்டியலில் அப்படியே நிலைத்துள்ளன. இறகு மட்டும் இல்லை. மயங்கிய நிலையிலுள்ள விலங்குக்கு வாய்வழி ஊட்டும் பாலும் நீரும் நுரையீரலுக்குள் புகுந்துவிடும் என்பதால் அது விலக்கப்படுகிறது. மரபைப் பயில்வது என்பது இவ்வாறு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஆராய்வதேயாகும். வெறிநாய்க்கடி மருந்துக்கென 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தோன்றிய வரலாறும் இதனோடு தொடர்புடையது. பூனையின் கடியாலும் அந்நோய் பரவும். கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவித் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

பராமரிப்பு எங்கே முடிகிறது என்பது மற்றொரு கேள்வி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த கன்றொன்றை ஊசி மருந்தால் இறக்கச் செய்ய காந்தி ஒப்புக்கொண்டார். பிஞ்சராபோல் மரபு ஆழமாக வேரோடிய குஜராத்தில் அது பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. அவர் தம் இதழ்களில் நீண்ட விளக்கம் எழுத நேர்ந்தது. கொல்லாமையே கருணையா, வேதனையை முடிப்பதும் கருணையா என்னும் அவ்விவாதம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலும் எதிரொலித்தது; மீளவியலாத வேதனையில் உள்ள விலங்கின் உயிரை முடிக்க அச்சட்டம் வழி வைத்தது. அச்சட்டத்துக்கு முன்னோடியாக 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டத்தின் கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையிலிருந்து இயங்கத் தொடங்கியது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் மருத்துவம் செய்யும் உரிமையைப் பதிவுபெற்றவர்களுக்கே வரையறுத்தது. புண்ணுக்குக் கட்டிடுதல் போன்ற தொடக்கநிலை உதவிகளை மட்டும் பட்டயம் பெற்றோர் அவர்களது மேற்பார்வையில் செய்ய மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்றது.

ஆகவே இந்த வரலாற்றில் ஒரு பக்கம் கல்வெட்டு, சாத்திரம், சட்டம், நிறுவனம். மறுபக்கம் பெயரற்ற கைகள். முதற்பக்கத்துக்கு ஆவணக் காப்பகங்கள் உள்ளன. மற்றப் பக்கம் பாட்டிமாரின் நினைவிலும், பழைய வீட்டுக்குறிப்பேடுகளிலும், கடிதங்களிலும், பிஞ்சராபோல்களின் கணக்குப் புத்தகங்களில் பஞ்சுக்கும் பாலுக்கும் எழுதப்பட்ட செலவினங்களிலும் சிதறிக் கிடக்கிறது. வாய்மொழி வரலாற்றில் ஈடுபடும் மாணவர்கள் பேட்டி காணும் முதியோரிடம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கலாம்: வீட்டில் பூனைக்கு அடிபட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? அம்மறுமொழிகள் உரிய காலத்தில் தொகுக்கப்படாவிடின், தெல்லா வல்லே கண்ட முதியவரைப் போல அவற்றைச் சொன்னவர்களும் பெயரின்றியே மறைவர்.